15,000 ரூபாய்க்குள் கேமிங் ரவுட்டர்: கடைக்குப் போகும் முன் ஓர் இரவுச் சோதனை

கேள்வி: நாங்கள் மட்டக்களப்பு கல்லடியில் கடற்கரைப் பக்கம் இருக்கிறோம். வீட்டில் 100 எம்பிபிஎஸ் பைபர் இணைப்பு. கம்பனி தந்த ரவுட்டர் முன் ஹோலில் இருக்கிறது. மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை பின்னறையில் கம்பியூட்டரில் வலோரண்ட் விளையாடுகிறான். பகலில் பரவாயில்லை. இரவு எட்டு மணி தாண்டினால் 'பிங் ஏறுது, லேக் அடிக்குது' என்று ஒரே சத்தம். மனைவி அதே நேரத்தில்தான் சூமில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறா. நாலு போன், ஒரு டிவி, இரண்டு சிசிடிவி கமரா எல்லாம் அதே வைஃபையில். கடையில் ஆறு அன்டனா வைத்த 'கேமிங் ரவுட்டர்' ஒன்றைக் காட்டினார்கள். கையில் இருப்பது 15,000 ரூபாய். எதை வாங்கலாம்?

பதில்: வாங்கலாம், ஆனால் இன்றைக்கே வேண்டாம். உங்கள் வீட்டு லேக், அதாவது விளையாட்டு இழுபடுவது, எங்கே பிறக்கிறது என்று ஓர் இரவு பார்த்துவிட்டு வாங்குங்கள். ரவுட்டர் உங்கள் வளவுக்குள் நடப்பதைத்தான் சீராக்கும். அதற்கு வெளியே நடப்பதை எத்தனை அன்டனா வைத்தாலும் தொட முடியாது.

இரவு எட்டரைக்கு மகன் விளையாடும்போது அதே கம்பியூட்டரில் சீஎம்டி (cmd) என்று தேடினால் ஒரு கறுப்புப் பெட்டி திறக்கும். அதில் ஆங்கிலத்தில் பிங் (ping) என்று அடித்து, இடைவெளி விட்டு ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். அநேகமாக 192.168.1.1 ஆக இருக்கும். இல்லாவிட்டால் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். கடைசியில் இன்னோர் இடைவெளி, ஒரு கழித்தல் குறி, ஆங்கில t எழுத்து சேர்த்தால் (-t) நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். பக்கத்தில் இன்னொரு பெட்டி திறந்து 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு அதையே செய்யுங்கள்.

இரண்டையும் பத்து நிமிடம் பார்த்தால் போதும். ஒவ்வொரு வரியிலும் வரும் மில்லிசெக்கன் எண்தான் பிங், ஒரு செய்தி போய்த் திரும்பிவர எடுக்கும் நேரம். ரவுட்டருக்கான எண்ணே 2, 3 மில்லிசெக்கனில் நிற்காமல் 50, 100 என்று துள்ளினால் கோளாறு வைஃபையில். ரவுட்டர் எண் அமைதியாக இருந்து 8.8.8.8 மட்டும் ஏறினால், மற்ற எல்லாப் போனையும் டிவியையும் கமராவையும் ஐந்து நிமிடம் வைஃபையிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். இறங்கிவிட்டால் வீட்டுக்குள்தான் யாரோ பாதையை அடைக்கிறார்கள். இறங்காவிட்டால் கம்பனிப் பக்கத்து இரவு நெரிசல். அதற்கு ரவுட்டர் வாங்குவது வீண் செலவு. அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொண்டு முறைப்பாடு செய்யுங்கள்.

நான் போய்ப் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலும் கிடைப்பது முதல் இரண்டும்தான். உங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்பது என் ஊகம்.

முதலில் வைஃபை. கல்லடிக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். 1924இல் கட்டிய பழைய பாலத்தில் ஒரே ஓடுபாதை. ஒரு பக்க வாகனம் வந்து முடியும்வரை மறுபக்கம் காத்து நிற்க வேண்டும். 2013இல் புதுப் பாலம் திறந்த பிறகுதான் போவதும் வருவதும் ஒரே நேரத்தில் நடந்தது. வைஃபை பழைய பாலம். ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு சாதனம்தான் பேசலாம். ரவுட்டர் அனுப்பும்போது போன் கேட்க வேண்டும், போன் அனுப்பும்போது மற்றவை எல்லாம் பொறுக்க வேண்டும். உங்கள் வீட்டு ஒன்பது சாதனங்களும் அந்த வரிசையில் நிற்கின்றன. பக்கத்து வீட்டு ரவுட்டரும் அதே அலைவரிசையில் இருந்தால் அதுவும் இந்த வரிசையில்தான். லேன் கேபிள் புதுப் பாலம். போவதற்கு ஒரு பாதை, வருவதற்கு ஒரு பாதை, குறுக்கே யாரும் வரமாட்டார்கள்.

அதனால் மகனின் கம்பியூட்டருக்கு நான் முதலில் சொல்வது ரவுட்டர் அல்ல, வயர். யாரிடமாவது 20 மீற்றர் கேபிள் ஒன்றை இரவல் வாங்கி, ஹோலிலிருந்து பின்னறை வரை ஓர் இரவு தரையோடு போட்டுப் பாருங்கள். சரிவந்தால் கெட்6 கேபிள் வாங்கி சீலிங்குக்கு மேலால் இழுத்துவிடுங்கள். வாங்கும்போது ஒரு முனையைச் சீவிப் பார்ப்பது நல்லது. வெளியே செம்பு நிறமும் சுரண்டினால் உள்ளே வெள்ளியாகவும் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். மலிவு, ஆனால் இரண்டு முறை வளைத்தால் உள்ளே முறியும். எட்டு இழையில் ஒன்று விட்டுப்போனாலும் கிகாபிட் இணைப்பு (1000 எம்பிபிஎஸ்) 100க்கு இறங்கிவிடும், ஏன் என்று தெரியாமல் மாதக்கணக்கில் மண்டையை உடைக்க வேண்டிவரும். எனக்கு அந்த அனுபவம் உண்டு.

அடுத்தது பாதை அடைபடுவது. இதை விளையாடுகிறவர்கள்கூட அதிகம் கவனிப்பதில்லை. விளையாட்டுக்கு வேகம் பெரிதாகத் தேவையில்லை, செக்கனுக்கு ஒரு மெகாபிட் அளவு போதும். அதற்கு வேண்டியது தாமதமின்மை. எல்லோரும் பதிவிறக்க வேகத்தையே பார்க்கிறோம். அடைபடுவது அநேகமாக மேலேற்றும் பாதைதான், ஏனென்றால் பல பேக்கேஜ்களில் அது ஒடுக்கம். ஒரு போன் அன்றைய படங்களை எல்லாம் கூகுளுக்கு ஏற்றத் தொடங்கினால் அந்தப் பாதையில் நெல் லொறிகள் போல் தரவு வரிசை கட்டுகிறது. ரவுட்டர் ஒன்றையும் கீழே விடாமல் எல்லாவற்றையும் தன் நினைவகத்தில் பிடித்து வைக்கும். நல்ல குணம்போலத்தான் தெரியும். ஆனால் மகன் சுடும் ஒரு தோட்டாவின் செய்தி அந்த லொறிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. 40 ஆக இருந்த பிங் 300 ஆவது இப்படித்தான். ஆங்கிலத்தில் பஃபர்புளோட் என்பார்கள்.

கல்முனையில் ஒரு நண்பர் வீட்டில் இதே புகாருக்கு இரண்டு ரவுட்டர் மாற்றியிருந்தார்கள். கடைசியில் பார்த்தால் வாசல் கமரா அசைவு தெரியும்போதெல்லாம் வீடியோவை இணையத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. வாசலில் நாய் நடந்தால் உள்ளே பொடியன் செத்தான். கமராவை மெமரி கார்டில் மட்டும் பதியச் சொன்னதோடு சரி. உங்கள் இரண்டு கமராவையும் முதலில் பாருங்கள். போன்களின் படக் காப்பையும் இரவு பன்னிரண்டுக்குப் பிறகு ஓடும்படி செய்யலாம், அல்லது கையால் ஏற்றலாம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இன்னொன்று, இதை மகனுக்கும் சொல்லிவிடுங்கள். வலோரண்ட் சேவர்கள் நமக்குக் கிட்டவாக மும்பையிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. பைபருக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். போய்வரவே 27 மில்லிசெக்கன். கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, மட்டக்களப்பிலிருந்து தரவு கொழும்பு, மாத்தறைப் பக்கத்துக் கேபிள் நிலையங்கள் வரை போகவும் வேண்டும். ஆகவே யூடியூபில் யாரோ 5 பிங்கில் விளையாடுவதைப் பார்த்து ஏங்க வேண்டாம். ஏறி இறங்காத 60, துள்ளுகிற 30ஐ விட விளையாட நல்லது.

சரி, ரவுட்டருக்கு வருவோம். சூம் வகுப்புக்கும் போன்களுக்கும் வைஃபை வேண்டும்தானே.

அன்டனா எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். உங்கள் வீட்டுப் போன்களில் அநேகமாக உள்ளே இரண்டு அன்டனாதான். மறுமுனையில் ஆறு இருந்தாலும் பேச்சு இரண்டுக்கு ஏற்றபடிதான் நடக்கும். பெட்டியில் ஏசி1200 என்று போட்டிருப்பதும் உங்களுக்குக் கிடைக்கும் வேகம் அல்ல. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் 300, 5 கிகாஹேர்ட்ஸ் அலையில் 867, இரண்டையும் கூட்டி, கொஞ்சம் மேலே தள்ளி எழுதியது. ஒரு போன் ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்கும், அதிலும் நடைமுறையில் பாதியளவு வந்தால் சந்தோசம்.

நீங்கள் பார்க்க வேண்டியது பெட்டியின் பின்பக்கம். போர்ட் 10/100 என்று இருக்கிறதா, 10/100/1000 என்று இருக்கிறதா? உதாரணத்துக்கு டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50, ஆர்ச்சர் சி6 இரண்டும் ஏசி1200தான், பார்வைக்கும் அண்ணன் தம்பி மாதிரி. முன்னதில் 100 போர்ட், பின்னதில் கிகாபிட் போர்ட். இப்போதைய உங்கள் பேக்கேஜுக்கு 100 போர்ட்டும் ஏறத்தாழ ஓடும், 94, 95 வரை வரும். நாளை 300க்கு மாறினால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் கிகாபிட்டையே கேளுங்கள். விலை இடங்கொடுத்தால் வைஃபை 6 உள்ள ஏஎக்ஸ்1500 அல்லது ஏஎக்ஸ்1800 வகை, உதாரணமாக ஆர்ச்சர் ஏஎக்ஸ்23. ஒரே நேரத்தில் பல சாதனங்கள் பேசும் வீட்டுக்கு அது உண்மையிலேயே உதவும். பழைய பாலத்தில் ஒரே பயணத்தில் நாலு பேரை ஏற்றிப் போகிற வான் மாதிரி. டெண்டா, மெர்குசிஸ் போன்றவற்றிலும் இதே கணக்குத்தான். கியூஓஎஸ் (QoS) என்ற வசதி, அதாவது எந்தச் சாதனத்தின் தரவு முதலில் போவது என்று வரிசையை ஒழுங்குபடுத்துவது, இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர் முழித்தால் ரவுட்டரைத் தயாரித்த கம்பனியின் இணையத்தளத்தில் பார்க்கலாம். உத்தரவாதம் இல்லாமல் பெட்டி பிரித்துத் தருவதை வாங்கவே வேண்டாம்.

'கேமிங்' என்று எழுதிய சிவப்பு விளக்குப் பெட்டி இந்த விலையில் கிடைத்தால், காசு பெரும்பாலும் விளக்குக்குத்தான் போகிறது.

பொருத்தும் இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. புது ரவுட்டரைக் கம்பனிப் பெட்டியில் செருகி அக்சஸ் பொயின்ட் முறையில், அதாவது வைஃபையை மட்டும் பரப்பும்படி, வைப்பது சுலபம். ஆனால் அப்போது வரிசையை ஒழுங்குபடுத்தும் வேலை பழைய பெட்டியிடமே இருக்கும், புதியதன் கியூஓஎஸ் வேலை செய்யாது. அதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் புதியதை ரவுட்டர் முறையில் வைத்து, எல்லாச் சாதனங்களையும் அதில் இணைத்து, கம்பனிப் பெட்டியின் வைஃபையை நிறுத்துங்கள். கம்பனி தன் பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு, அதாவது ரவுட்டர் வேலையைப் புதியதிடமே விட்டுவிடும்படி, மாற்றித் தந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டாலும் கம்பியூட்டர் விளையாட்டுகள் பெரும்பாலும் ஓடிவிடும், பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்தான் குழுப்பேச்சில் கொஞ்சம் சிரமப்படுவார். கியூஓஎஸ்ஸில் வேகத்தை அளந்ததில் 85, 90 சதவீதமாகக் கொடுங்கள். முழுவதையும் கொடுத்தால் வரிசை மறுபடி கம்பனிப் பெட்டியில் கட்டும். மகனின் கம்பியூட்டருக்கும் மனைவியின் மடிக்கணினிக்கும் முன்னுரிமை போடுங்கள். இருவருக்கும் போடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் வேறு பிரச்சினை வரும்.

வைக்கும் இடம் முன் ஹோலின் மூலை அல்ல, வீட்டின் நடு. நெஞ்சுயரத்துக்கு மேலே. குசினிச் சுவரில் குளிர்சாதனப்பெட்டிக்குப் பின்னால் வேண்டாம், இரும்பு அலுமாரிக்கு மேலும் வேண்டாம். 5 கிகாஹேர்ட்ஸ் அலை இரண்டு கல்சுவர் தாண்டினால் களைத்துவிடும். பின்பக்கப் போன் 2.4இல் இருக்கட்டும், அலைவரிசை 1, 6, 11 இல் எது காலியோ அது. ரிப்பீட்டர் வாங்கச் சொல்வார்கள். மலிவானவை, கேட்டதை அதே அலையில் திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறத்தாழ பாதியாகும். அந்தப் பின்னறைக்கு இழுத்த கேபிளின் முனையில் ஒரு பழைய ரவுட்டரை அக்சஸ் பொயின்ட்டாக வைத்தால் அதைவிட நன்றாக இருக்கும்.

பொத்துவில், திருக்கோவில் பக்கம் பைபர் வராத இடங்களில் சிம் ரவுட்டர் பாவிப்பவர்களும் இதையே கேட்கிறார்கள். அங்கே பணம் போக வேண்டியது வைஃபைக்கு அல்ல, டவரைப் பிடிப்பதற்கு. ரவுட்டரின் முகவரியை பிரவுசரில் திறந்தால் வரும் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்ற எண் இருக்கும், டவர் சிக்னலின் பலம் அது. கழித்தல் 80 பக்கம் வந்தால் நல்லது, கழித்தல் 110ஐத் தாண்டினால் வேறு ஜன்னலுக்கு மாற்றி வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வைத்துவிட்டு டவரைத் திட்டுவதில் பயனில்லை.

மிச்சக் காசு இருந்தால் ஒரு மினி யூபிஎஸ். பழைய பெட்டி, புது ரவுட்டர் இரண்டின் அடப்டரிலும் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று பார்த்து, இரண்டையும் தாங்குவதாக வாங்குங்கள். ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் கரண்ட் போனதும் விளக்கு எரியும், இணையம் இராது. கடற்காற்றில் போர்ட்டின் உலோகம் பச்சை பிடிக்கும், கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

ஒக்டோபர் மாதத்து இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பைபர் கண்ணாடி, அதன் வழியே மின்னல் வராது. மின்சார வயர் வழியே வரும். முழங்கத் தொடங்கினால் மேட்ச் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள்.