பல பக்க ஆவணத்தைப் படக் கோப்பில் வைப்பது: கேள்வி பதில்

கேள்வி: நாற்பது பக்கப் பத்திரத்தை ஸ்கேன் செய்ததில் நாற்பது ஜேபெக் கோப்புகள் வந்தன. எல்லாவற்றையும் ஒரே ஜேபெக்காக்க முடியுமா?

பதில்: முடியாது. ஒரு ஜேபெக் கோப்பு என்றால் ஒரு படம்தான். பக்கங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி நீளப் படமாக்கித் தரும் மென்பொருள்கள் உண்டு; அந்தப் பக்கமே போகாதீர்கள். ஜேபெக் படத்தின் உயரம் 65,535 பிக்சலைத் தாண்ட முடியாது. 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஏ4 தாளின் உயரம் 3,508 பிக்சல். பதினெட்டுப் பக்கத்தோடு இடம் தீர்ந்துவிடும். பல பக்கங்களை ஒரே படக் கோப்பில் வைக்க டிஃப் (TIFF) என்ற வடிவம் இருக்கிறது.

கேள்வி: டிஃப் கோப்பில் மட்டும் பல பக்கங்கள் எப்படி அடங்குகின்றன?

பதில்: 1986இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்டபோதே ஸ்கேனர்களை மனத்தில் வைத்து உருவாக்கிய வடிவம் அது. கோப்பின் முதல் 8 பைட்டுகள் தலைப்பகுதி. முதல் பக்கத்தின் விவரப் பட்டியல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது அதில் இருக்கும். அகலம், உயரம், நிறம், சுருக்க முறை எல்லாம் அந்தப் பட்டியலில். பட்டியலின் கடைசி 4 பைட்டுகள் அடுத்த பக்கத்தின் பட்டியல் இருக்கும் இடத்தைச் சொல்லும். அங்கே பூஜ்யம் இருந்தால் பக்கங்கள் முடிந்தன. இதனால் எழுத்துப் பக்கத்தைக் கருப்பு வெள்ளையிலும் அதை அடுத்த வரைபடத்தை வண்ணத்திலும் ஒரே கோப்பில் வைக்கலாம்.

கேள்வி: என் டிஃப் கோப்பைத் திறந்தால் முதல் பக்கம் மட்டும் தெரிகிறது. மற்றவை அழிந்துவிட்டனவா?

பதில்: பெரும்பாலும் இல்லை. கோப்பின் அளவைப் பாருங்கள். குறையாமல் இருந்தால் பக்கங்கள் உள்ளேதான் இருக்கின்றன. 1992இல் வந்த டிஃப் 6.0 விதிகளே, அடிப்படை மென்பொருள் முதல் படத்துக்கு மேல் படித்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த மென்பொருளில் தப்பித்தவறியும் ‘சேமி’ பொத்தானை அழுத்தாதீர்கள். தான் கண்ட ஒரே பக்கத்தை மட்டும் பழைய கோப்பின் மேல் எழுதிவிடக்கூடும். அப்போதுதான் உண்மையிலேயே அழியும்.

கேள்வி: இரண்டே பக்கம், 50 மெகாபைட்டுக்கு மேல் வருகிறதே?

பதில்: வண்ணத்தில், சுருக்காமல் சேமித்திருக்கிறீர்கள். 300 டிபிஐயில் ஓர் ஏ4 பக்கம் அப்படி 26 மெகாபைட் பிடிக்கும். அதையே ஒரு பிட் கருப்பு வெள்ளையாக்கினால் 1.1 மெகாபைட், தொலைநகலுக்காக வகுத்த ஜி4 சுருக்கத்தையும் சேர்த்தால், வெறும் தட்டச்சுப் பக்கம் பெரும்பாலும் 100 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும், ஒரு புள்ளிகூட இழக்காமல். முத்திரையோ நீல மைக் கையெழுத்தோ உள்ள பக்கத்துக்கு இது வேண்டாம். வண்ணத்திலேயே விட்டு, எல்இசட்டபிள்யூ (LZW) என்ற இழப்பில்லாத சுருக்கம் போடுங்கள்.

கேள்வி: கருப்பு வெள்ளைப் பக்கங்களுக்கான ஜேபிக்2 (JBIG2) சுருக்க முறை இன்னும் சிறிதாகச் சுருக்குமாமே?

பதில்: சுருக்கும். அதன் இழப்புள்ள வகையை மட்டும் தொடாதீர்கள். ஒன்றுபோல் தோன்றும் எழுத்துருவங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இடங்களிலும் அதையே ஒட்டும் முறை அது. சில ஜெராக்ஸ் இயந்திரங்கள் ஸ்கேன் செய்த தாள்களில் 6 என்ற எண் 8 ஆக மாறியிருந்ததை 2013இல் ஜெர்மனியின் கணினி அறிஞர் டேவிட் க்ரீசல் வெளிப்படுத்தினார். மங்கலாகத் தெரியும் எண்ணைச் சந்தேகிப்போம். பளிச்சென்று தெரியும் தவறான எண்ணை யார் சந்தேகிப்பார்கள்?

கேள்வி: பேசாமல் பிடிஎஃப் ஆக்கிவிடலாமா?

பதில்: பிறருக்கு அனுப்ப அதுதான் சரி. ஜேபெக் படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே பிடிஎஃப்புக்குள் வைக்க முடியும். இம்ஜி2பிடிஎஃப் (img2pdf) என்ற மென்பொருள் அப்படித்தான் செய்கிறது. அச்சிடும் வழியாகப் பிடிஎஃப் ஆக்கினால் படம் மறுபடி நசுங்கக்கூடும். நெடுங்காலம் வைக்க வேண்டியதென்றால் 2005இல் ஐஎஸ்ஓ தரமான பிடிஎஃப்/ஏ வகையைத் தேர்ந்தெடுங்கள். மூல ஸ்கேன்களையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: டிஃப் கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டவில்லை.

பதில்: தாண்டாது. கோப்புக்குள் இடத்தைக் குறிக்கும் எண் 32 பிட். பிக்டிஃப் (BigTIFF) என்ற டிஃப் வகை 64 பிட் எண்ணைப் பயன்படுத்துகிறது, ஆனால் எல்லா மென்பொருளும் அதைத் திறப்பதில்லை. இரண்டு மூன்று கோப்புகளாகப் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: நடுவில் ஒரே ஒரு பக்கம் கோணலாக விழுந்திருக்கிறது. முழுவதையும் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். டிஃப் கோப்புகளைக் கையாளும் லிப்டிஃப் (libtiff) மென்பொருள் தொகுப்பின் டிஃப்ஸ்பிளிட் (tiffsplit) கட்டளை ஒவ்வொரு பக்கத்தையும் தனிக் கோப்பாக்கும். கோணல் பக்கத்தை மட்டும் மாற்றி வைத்து, டிஃப்சிபி (tiffcp) கட்டளையால் கோர்த்துவிடுங்கள். நீங்கள் கொடுக்கும் வரிசையில்தான் பக்கங்கள் சேரும்.