அம்மா தச்ச துணி பொம்மையை போகில போடலாமா?

கேள்வி: அக்கா, எங்க அம்மா வீடு தாண்டிக்குடி பக்கம், காப்பித் தோட்டம். நான் கட்டிக்கிட்டு வந்தது ஒட்டன்சத்திரம். அம்மா போன ஆடியில தவறிட்டாங்க. தோட்டத்து வீட்டு பரண்ல இருந்த ட்ரங்கு பெட்டியத் தொறந்தா, நாங்க சின்னப்புள்ளையா இருக்கப்ப அம்மா பழைய துணியில கையாலயே தச்சுக் குடுத்த பொம்மை 5 இருக்கு. ரெண்டுக்கு வாழைநார் முடி, மூணுக்கு கம்பளி நூல் முடி, எல்லாத்துக்கும் குண்டுமணி கண்ணு, உள்ள இலவம்பஞ்சு. பூசணம் புடிச்சு ஒரே வாடை. தம்பி சம்சாரம் "செத்தவங்க துணி வீட்ல வேணாம், போகிக்கு எரிச்சிரலாம்"னு சொல்லுது. திருப்பூர் அண்ணன், அவரோட பழைய டவுசர்ல தச்ச காக்கித் துணி பொம்மை எனக்குத்தான்னு சண்டை போடுறாரு. எனக்கு எல்லாத்தையும் தொவச்சு என் 2 வயசு பேத்திக்கு குடுக்கணும்னு ஆசை. என்ன செய்யட்டும்? (பேரு போட வேணாம்)

பதில்: தங்கச்சி, மத்த பேச்செல்லாம் அப்புறம், மொதல்ல அந்தக் கண்ணு. குண்டுமணியில 'அப்ரின்'னு ஒரு விஷம் இருக்கு, சாதாரண விஷம் இல்ல, ரொம்ப பொல்லாதது. முழுக் கொட்டைய அப்படியே முழுங்குனா மேல்தோடு கெட்டியா இருக்கறதால பல சமயம் அப்படியே வெளிய வந்துரும், ஆனா உங்க அம்மா கண்ணு தைக்கிறதுக்கு ஊசியால தொளை போட்டிருப்பாங்க, தொளை போட்ட கொட்டையும் கடிச்ச கொட்டையும்தான் ஆபத்து. பிள்ளையார் சதுர்த்திக்கு களிமண்ணு பிள்ளையாருக்கு அதத்தான் கண்ணா வெக்கிறோம், அதனால நமக்கு பயமே தோணறதில்ல. 2 வயசு புள்ள எத எடுத்தாலும் வாய்ல வெக்கும். அதனால அந்த அஞ்சும் பேத்தி கைக்குப் போகவே கூடாது. பெட்டி அடியில கண்ணு உதிர்ந்து கெடக்கான்னு தடவிப் பாருங்க, மொத்தம் 10 கண்ணு இருக்கணும், கொறைஞ்சா தேடி எடுங்க. எந்தக் குழந்தையாவது கடிச்சுட்டா வாந்தி வயித்துப்போக்கு வரட்டும்னு காத்திருக்காம, அதே மாதிரி கொட்டை ஒண்ணையும் எடுத்துக்கிட்டு ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், ஏன்னா நேரம் கழிச்சுத்தான் அது வேலையக் காட்டும். அதுக்காக கண்ண புடுங்கி எறிஞ்சுராதீங்க, அம்மா வெச்ச கண்ணு அது. பெரியவங்க எடுத்துப் பாக்குற சாமானா, எட்டாத எடத்துல இருக்கட்டும்.

அடுத்தது, தொவைக்காதீங்க. தயவுசெஞ்சு தொவைக்காதீங்க. இலவம்பஞ்சு சீக்கிரம் தண்ணிய உள்ள விடாது, அதனாலதான் ஒரு காலத்துல லைஃப் ஜாக்கெட்டுக்கே அத அடைச்சாங்க, ஆனா கசக்கிப் புழிஞ்சீங்கன்னா கட்டி கட்டியா ஆயிரும், மலையில அது காயவும் காயாது, உள்ளயே மறுபடி பூசணம் பூக்கும். பழைய சுங்குடின்னா செவப்புச் சாயம் எறங்கி பக்கத்துல இருக்க வெள்ள வேட்டித் துணியெல்லாம் கெட்டுப்போகும். பழனி மலைக்கு பெரும் மழை ஐப்பசி கார்த்திகையிலதான், தை பொறந்தா ஈரப்பதம் கொறையும், அப்பதான் இந்த வேலைக்கு நேரம். வாசலுக்கு வெளிய வெச்சு, மூஞ்சில மாஸ்க் போட்டுக்கிட்டு, மெத்து மெத்துன்னு இருக்க பிரஷ்ஷால (பெயிண்ட் அடிக்கிற சின்ன பிரஷ் போதும்) பூசணத்த மெதுவா தட்டி விடுங்க. காலை வெயில் கொஞ்ச நேரம், மீதி நேரம் காத்தாட நெழல்ல. உச்சி வெயில்ல நாள் முழுக்கப் போட்டா பழந்துணி வெளுத்து இத்துப் போயிரும். வாழைநார் முடி இருக்கே, அது இப்ப மொறுமொறுன்னு ஒடையும், அதுல தண்ணியும் வேணாம் எண்ணெயும் வேணாம், சும்மா ஊதி விட்டாலே போதும். பூச்சி அரிச்ச ஓட்டை தெரிஞ்சா, நல்லா காஞ்சதுக்கு அப்புறம் காத்து போகாம பாலித்தீன் கவர்ல கட்டி ஃப்ரிட்ஜ் ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வெச்சா உள்ள இருக்க புழு செத்துரும், வெளிய எடுத்ததும் கவரப் பிரிக்காம குளிர் போற வரைக்கும் விடுங்க. மறுபடி அந்த துருப்புடிச்ச ட்ரங்குல போடவே வேணாம். பழைய வெள்ள வேட்டியக் கிழிச்சு சுத்தி, வசம்புத் துண்டு ரெண்டு கூட வெச்சு, மரப்பெட்டியிலயோ அட்டப்பெட்டியிலயோ, பரண்ல இல்லாம ஆளு புழங்குற ரூம்ல வைங்க.

இப்ப தம்பி சம்சாரம். அந்தப் புள்ள மேல கோவப்படாதீங்க. பூசணம் புடிச்ச மூட்டையோட அந்த வீட்ல குடியிருக்கறது அவங்கதான், உங்க அம்மா படுத்ததுல இருந்து ஓடியாடிப் பாத்ததும் அவங்களாத்தான் இருக்கும். "செத்தவங்க துணி"ங்கிற பயம் நம்ம ஊருல இருக்கறதுதான், நான் இல்லேங்கல. ஆனா பொறந்த புள்ளைக்கு நாம என்ன செய்யுறோம்? புதுத்துணி போடாம பெரியவங்க கட்டிப் பழகுன துணியிலதான சுத்துறோம், அப்பத்தா சேலையிலதான தொட்டில் கட்டுறோம், அந்த அப்பத்தா போய்ச் சேந்து வருஷம் ஆயிருந்தாலும் அந்தச் சேலைதான் வேணும்னு கேட்டு வாங்கிட்டு வந்து கட்டுற வீடு எத்தன இருக்கு. அதுவுமில்லாம இது அம்மா சாகுறப்ப உடுத்துன துணி இல்லையே, உங்களுக்காக தச்சுக் குடுத்த பொம்மை, உங்க சொத்து. இதெல்லாம் அவங்ககிட்ட வாதம் பண்ற மாதிரி வேணாம். போகிக்கு முந்தியே போயி, "இந்த வாடைய நான் போக்கித் தாரேன்"னு நீங்களே உக்காந்து வேலைய ஆரம்பிங்க.

எனக்கு உங்க லெட்டர்ல ரொம்பப் புடிச்ச எடம் அந்த முடிதான். ரெண்டுக்கு வாழைநார், மூணுக்கு கம்பளி. ஏன் மாறுச்சுன்னு யோசிச்சீங்களா? கீழ்ப்பழனி மலை முழுக்க ஒரு காலத்துல மலைவாழைதான, விருப்பாச்சி வாழை. 1970கள்ல முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமா அழிஞ்சுது, குருத்து விரியாம கொத்தா நின்னு மரமே குலை தள்ளாது, வெட்டிப் போடுறதத் தவிர வழியில்ல, நெறைய பேரு அப்பதான் காப்பி மொளகுன்னு மாறுனாங்க. உங்க அப்பாவும் அந்த சமயத்துல மாறுனவரா இருந்தா, அந்த ரெண்டு பொம்மையும் வாழை இருந்தப்ப செஞ்சது, மத்த மூணும் வாழை போனதுக்கு அப்புறம் செஞ்சதா இருக்கலாம். அண்ணனுக்கு கட்டாயம் ஞாபகம் இருக்கும், கேளுங்க. அந்த வருஷம் வீட்ல காசு எப்படி இருந்துச்சு, அம்மா கம்பளி நூலுக்கு எங்க போனாங்க, அவரோட காக்கி டவுசர் கிழிஞ்சது எப்ப, அத அம்மா ஏன் தூக்கிப் போடாம பொம்மைக்கு சட்டையாக்குனாங்க, எல்லாத்தையும் கேளுங்க.

அதனாலதான் சொல்றேன், பங்கு பிரிக்கறதுக்கு முந்தி மூணு பேரும் ஒண்ணா உக்காருங்க. பொங்கலுக்கு அண்ணன் வருவாருல்ல, அப்ப களத்துல காப்பிப் பழம் காய்ஞ்சுட்டு இருக்கும், பக்கத்துலயே பொம்மைய காயப்போட்டு பேச்ச ஆரம்பிங்க. ஒவ்வொரு பொம்மைக்கும் எந்தத் துணி யாரோடது, எந்த தீவாளிப் பாவாடை, எந்த வேட்டினு போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க, அப்புறம் ஒரு துணித்துண்டுல பேனாவால எழுதி பொம்மையோடயே சேத்து சுத்தி வைங்க (பொம்மை மேல எழுதக் கூடாது, பின்னும் குத்தக் கூடாது, துரு ஏறும்). அந்தக் காலத்துல உங்க தோட்டத்துல பழம் எடுக்க வந்த அக்காமாரு யாராவது இன்னும் இருந்தா அவங்களையும் கூப்பிடுங்க, அடைமழையில வேலையில்லாம அம்மாவோட அடுப்படியில உக்காந்து பஞ்சுல கொட்டை எடுத்தது அவங்களா இருக்கும், உங்களுக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரியும். உங்க தம்பி சம்சாரமும் பக்கத்துல இருக்கட்டும், கதைய முழுசாக் கேட்டவங்களுக்கு அத நெருப்புல போட மனசு வராது.

பங்குன்னா, காக்கி பொம்மை அண்ணனுக்குத்தான், அதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல, அவரு டவுசர் அது. திருப்பூர்ல பனியன் கம்பெனி சத்தத்துக்கு நடுவுல அவரு அதத்தான் கேக்குறாருன்னா எவ்வளவு ஏங்கிப் போயிருக்கணும். வாழைநார் முடி பொம்மைல ஒண்ணு தோட்டத்து வீட்லயே இருக்கணும், வாழை நின்ன மண்ணு அதுதான். மிச்சத்த நீங்களும் தம்பியும் பேசிக்கோங்க.

பேத்திக்கு? புதுசா ஒண்ணு நீங்களே தைச்சுக் குடுங்க. அம்மா சேலை ஒண்ணாவது வீட்ல இருக்கும்ல, நூல் சேலையா பாத்து எடுங்க. பழைய பொம்மைய பேப்பர் மேல படுக்க வெச்சு சுத்தி பென்சில்ல வரைஞ்சு, தையலுக்கு அர இஞ்ச் விட்டு வெட்டுங்க, உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி ரெண்டு துண்டையும் சேத்து நெருக்கமா பின்தையல் போட்டு விலாப்பக்கம் ரெண்டு விரல் போற அளவுக்கு வழி விட்டுப் புரட்டுங்க. பஞ்ச கொஞ்சம் கொஞ்சமா பிச்சு மொதல்ல தலை, அப்புறம் கழுத்து, கழுத்துல மட்டும் நல்லா இறுக்கி அடைக்கணும், இல்லேன்னா நாலு நாள்ல தலை தொங்கிரும். கண்ணு, மூக்கு, வாய் எல்லாம் கறுப்பு செவப்பு நூல்லயே தையல் போடுங்க, பட்டன் மணி எதுவும் வேணாம். முடிக்கு கம்பளி நூல் வெச்சா ஒவ்வொரு இழையா தலையோட சேத்துத் தைங்க, நீளமா தொங்க விடாதீங்க. பஞ்சு போடில நல்லதா கெடைக்கும், வாங்குறப்ப கைய உள்ள விட்டு கொட்டை இல்லாம சுத்தம் பண்ணுனதான்னு பாத்து வாங்குங்க.