டாலருக்குப் பதில் எள்: ஏற்கலாமா?

கேள்வி: பொதி கட்டும் இயந்திரங்கள் தயாரிக்கிறோம். வெளிநாட்டிலிருந்து 10 லட்சம் டாலர் ஆர்டர் வந்திருக்கிறது. வாங்குபவரிடம் 6 லட்சத்துக்குத்தான் டாலர் இருக்கிறதாம். மீதி 4 லட்சத்துக்கு எள் தருகிறேன் என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்த எள்ளை யார் வாங்கப் போகிறார்கள் என்பது தெரிந்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். எள் உங்கள் தொழில் அல்ல. இரண்டு மூன்று சரக்கு வணிகர்களிடம் எழுத்துபூர்வமாக விலை கேளுங்கள். அவர்கள் சந்தை விலையில் ஒரு தள்ளுபடி எதிர்பார்ப்பார்கள். இதை 'டிசாஜியோ' என்பார்கள். 12 சதவீதம் கேட்டால், 4 லட்சம் டாலர் எள்ளுக்கு உங்கள் கைக்கு வருவது 3,52,000தான்.

பலர் ஏமாறுவது ஒப்பந்தத்தின் ஒரே ஒரு வரியில். '4 லட்சம் டாலர் மதிப்புள்ள எள்' என்று எழுதினால் நஷ்டம் உங்களுடையது. 'கணக்கில் 4 லட்சம் டாலர் சேரும்வரை எள்' என்று எழுதினால் தள்ளுபடியை அவர் சுமக்கிறார். சுமார் 4,54,500 டாலருக்கு எள் அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு அவர் இணங்காவிட்டால், இயந்திர விலையில் 48,000 அல்ல, 54,500 ஏற்றுங்கள். ஏற்றிய தொகையும் எள்ளாகத்தானே வரும், அதற்கும் அதே தள்ளுபடி உண்டு.

இயந்திரத்துக்கு எள் என்று ஒரே தாளில் நேரடிப் பண்டமாற்றாக எழுதவே எழுதாதீர்கள். எள்ளின் தரத்தில் தகராறு வந்தால் இயந்திரப் பணமும் சேர்ந்து முடங்கும். வங்கியும் கடன் தரத் தயங்கும். இயந்திர விற்பனைக்கு ஒரு ஒப்பந்தம், எள் கொள்முதலுக்கு ஒரு ஒப்பந்தம், இரண்டும் டாலர் விலையில். இரண்டையும் இணைக்க மூன்றாவதாகச் சிறிய உடன்படிக்கை ஒன்று.

அவர் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, நீங்கள் பிறகு அவரிடம் சரக்கு வாங்குவதுதான் வழக்கமான எதிர்க்கொள்முதல். இங்கே அவரிடம் டாலர் இல்லாததால் வரிசையைத் திருப்புங்கள். முதலில் எள் வரட்டும். வணிகர் தரும் பணம் மூன்றாம் நாட்டு வங்கியின் எஸ்க்ரோ கணக்கில், அதாவது நிபந்தனை நிறைவேறும்வரை வங்கி பணத்தைப் பிடித்துவைக்கும் கணக்கில், சேரட்டும். அது நிரம்பிய பிறகு இயந்திரத்தைக் கப்பலேற்றி, ஆவணங்களை வங்கியில் கொடுத்துப் பணத்தைப் பெறுங்கள். 6 லட்சத்துக்கு உறுதிப்படுத்தப்பட்ட எல்.சி. தனியாக வேண்டும். அதாவது, ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி எழுதித் தரும் கடிதம்; அதற்கு இன்னொரு வங்கியும் பொறுப்பேற்றிருக்க வேண்டும். எல்.சி. கைக்கு வருமுன் உற்பத்தியைத் தொடங்க வேண்டாம்.

எள்ளின் விலையை இன்றே நிலையாகக் கட்டாமல், ஒவ்வொரு முறையும் கப்பலேற்றும் நாளின் சந்தை விலையோடு இணையுங்கள். ஈரப்பதம், எண்ணெய்ச் சத்து, கலப்பு மூன்றையும் ஏற்றுமதித் துறைமுகத்திலேயே சுயேச்சையான ஆய்வாளர் சோதிக்க வேண்டும். கொள்முதல் உரிமையை வணிகருக்கு மாற்றித் தரவும், எந்த நாட்டிலும் விற்கவும் தடை இருக்கக் கூடாது. விளைச்சல் பொய்த்தால் மாற்றாக எந்தச் சரக்கு என்பதும் பட்டியலில் இருக்கட்டும்.

மாற்றுச் சரக்கு ஏன் முக்கியம் என்பதற்குப் பெப்சி உதாரணம். 1972இல் சோவியத் ஒன்றியத்துக்குப் பானச் செறிவைக் கொடுத்து, ஸ்டோலிச்னயா வோட்காவை அமெரிக்காவில் விற்கும் உரிமையைப் பெற்றது. தயாரான சந்தை உள்ள சரக்கு என்பதால் ஏற்பாடு நிலைத்தது. வோட்கா மட்டும் போதாதபோது, 1989இல் 17 பழைய நீர்மூழ்கிக் கப்பல்கள் வரை ஈடாக வந்தன. அவை உடைப்புக்குத்தான் போயின.

ஏற்றுமதிப் பணத்தை இறக்குமதியோடு நேர்செய்யப் பல நாடுகளில் அந்நியச் செலாவணி அனுமதி தேவை. அதை உங்கள் வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த வணிகரும் எழுத்தில் விலை தரவில்லை என்றால், 6 லட்சத்துக்கு எத்தனை இயந்திரம் வருமோ அத்தனையை மட்டும் விற்றுவிடுங்கள்.