மூன்று வாரமாகச் சீறுகிறது எங்கள் பூனை

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். மதுரை புதூரில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக் கடுவன் பூனை பாண்டிக்கு ஐந்து வயது. கருத்தடை ஆபரேஷன் செய்தாகிவிட்டது. என் மாமியார் மடியில்தான் தூங்குவான். எதிர்சேவை அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள், தெருமுனை மண்டகப்படியில் வேட்டும் மேளமும். சாயங்காலம் ஜன்னலில் உட்கார்ந்து வெளியே பார்த்து ஒரு மாதிரி கத்திக்கொண்டிருந்தவனை மாமியார் தூக்கப் போனார். முன்கையைக் கவ்வி நாலு பல்லையும் இறக்கிவிட்டான். மஞ்சள் பத்துப் போட்டோம், புண் ஆறிவிட்டது. ஆனால் மூன்று வாரமாகியும் அவரைக் கண்டாலே காதை மடக்கிக்கொண்டு சீறுகிறான். இதில் கெட்ட பழக்கம் வேறு. மணல் தட்டை விட்டுவிட்டுக் குளியலறை மூலையில் அடிக்கடி போய் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போகிறான். பினாயில் ஊற்றிக் கழுவியும் நிற்கவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு வரும் சாம்பல் நிறக் கடுவனுக்கு நான் தயிர்சாதம் வைப்பதுண்டு, அதோடு சேர்ந்து கெட்டுப்போனானோ என்னவோ. அழகர்மலை அடிவாரத்தில் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்கிறார் என் கணவர். கடி வாங்கிய மாமியார்தான் வேண்டாம் என்று அழுகிறார். என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, புதூர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. கடியைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்தக் குளியலறை மூலை. அதை ‘கெட்ட பழக்கம்’ என்று எழுதிவிட்டீர்கள். அடிக்கடி போய் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போகும் கடுவனுக்கு மூத்திரப்பையில் வலி இருக்கிறது என்றுதான் ஒரு மாட்டு டாக்டருக்குத் தோன்றும். மணல் தட்டில் உட்காரும்போதெல்லாம் எரிந்தால், தட்டுதான் தன்னைக் கடிக்கிறது என்று பூனை நினைத்துக்கொள்ளும். அப்புறம் சில்லென்று இருக்கிற சிமெண்டுத் தரையைத் தேடிப் போகும்.

இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்றுதான் ஆசிரியர் குழு மூலம் முன்பே உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். கடுவன் பூனையின் மூத்திரக் குழாய் மிகவும் ஒடுக்கமானது. வீக்கமோ, மணல் போன்ற துகளோ, சளி போன்ற அடைப்போ வந்தால் முழுசாக நின்றுவிடும். நின்றுபோனால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். முக்குகிறது, ஒன்றும் வரவில்லை, சாப்பாட்டை ஒதுக்குகிறது, வாந்தி எடுக்கிறது என்றால் ராத்திரி பதினோரு மணி ஆனாலும் டாக்டரைத் தேடி ஓட வேண்டும்.

உசிலம்பட்டிப் பக்கம் கால்நடை மருந்தகத்தில் நான் வேலை பார்த்தபோது ஒரு பாட்டி கட்டைப்பையில் செவலைப் பூனை ஒன்றைக் கொண்டுவந்தார். பையின் வாயைத் துண்டால் கட்டியிருந்தார். “மூணு நாளா முக்குது தாயி, மலச்சிக்கல்னு வெளக்கெண்ண குடுத்தேன். நேத்து என் கையையே கடிச்சிருச்சு” என்றார். வயிற்றின் பின்பக்கம் விரலை வைத்ததும் தெரிந்துவிட்டது. மூத்திரப்பை ஒரு சாத்துக்குடி அளவுக்கு, கல்லு மாதிரி இறுகியிருந்தது. தொட்டதும் அந்தப் பூனை எழுப்பிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. டியூப் போட்டு இறக்கினோம். ரத்தமாக வந்தது. சாயங்காலம் வரை பாட்டி திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். பூனை பிழைக்கவில்லை. கடித்த அன்றைக்கே தூக்கி வந்திருந்தால் பிழைத்திருக்கும். அன்றிலிருந்து, திடீரென்று கடிக்கிறது என்று யார் கடுவனைக் கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்பது, “ஒன்றுக்கு ஒழுங்காகப் போகிறதா?” என்பதைத்தான்.

பாண்டிக்கு முழு அடைப்பு இருந்திருந்தால் மூன்று வாரம் தாங்கியிருக்க மாட்டான். அதனால் இது மூத்திரப்பை அழற்சியாக இருக்கவே அதிக வாய்ப்பு. இளவயதிலும் நடுவயதிலும் இருக்கும் வீட்டுப் பூனைகளுக்கு மனக்கலக்கத்தாலேயே இது வரும். கிருமியே இருக்காது. வெடிச் சத்தம், வீடு கொள்ளாத கூட்டம், எல்லைக்குள் அந்நியக் கடுவன் என்று உங்கள் வீட்டில் மூன்றும் ஒரே நாளில் கூடிவிட்டன. ஆனாலும் இது என் ஊகம்தான். மூத்திரத்தைச் சோதித்து, வயிற்றைத் தடவிப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். போகும்போது பல், காது, வால் அடி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சண்டையில் பட்ட பல் காயம் மேலே மூடி உள்ளே சீழ் பிடித்திருந்தாலும் பூனை இப்படித்தான் பாயும். முடியை விலக்கினால் மிளகு அளவுக்கு ஒரு பொருக்குத்தான் தெரியும்.

வலி என்று நினைத்து வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். பினாயிலும் வேண்டாம். அதை உடம்பிலிருந்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. பாதத்தில் பட்டதை நக்கினாலே போதும். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இனி ஜன்னலுக்கு வருவோம். பாண்டி அன்று கத்தியது உங்கள் மாமியாரைப் பார்த்து இல்லை. சுவர் மேல் அந்தச் சாம்பல் கடுவன் உட்கார்ந்திருக்கும், இவனுக்கும் அதற்கும் நடுவில் கம்பி. பாய முடியாத ஆத்திரம் உச்சிக்கு ஏறி நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு கை வந்தால், அது யார் கை என்று பூனைக்குத் தெரியாது. அந்தக் கொதிப்பு அடங்கச் சில மணி நேரமும் ஆகும், சில நாளும் ஆகும். அதோடு நிற்காமல், ‘இவர் வந்தபோதுதான் நமக்கு அந்தப் பயம் வந்தது’ என்று மாமியார் உருவமும் சேர்ந்தே பதிந்துவிடும். நன்றி கெட்ட ஜென்மம் என்று யாரும் திட்டாதீர்கள். அந்தப் பிள்ளை பயந்துபோய் இருக்கிறான்.

தயிர்சாதம் வைக்கிற உங்கள் மனசை நான் குறை சொல்லவில்லை. இடத்தை மட்டும் மாற்றுங்கள், பாண்டியின் கண்ணுக்கு எட்டாத தெருப்பக்கம். முடிந்தால் அந்தக் கடுவனுக்கும் கருத்தடை செய்து விடுங்கள், சுவரில் பீய்ச்சுவதும் சண்டையும் பெரிதும் குறையும். ஜன்னலின் கீழ்ப் பாதிக்குப் பழைய பேப்பர் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

பாண்டிக்கு ஒரு அறையை ஒதுக்குங்கள். தண்ணீர், சாப்பாடு, ஏறி உட்கார ஒரு பீரோ மேலிடம், தள்ளி ஒரு மணல் தட்டு. பழைய தட்டை அப்படியே விட்டுவிட்டு இது புதியதாக இருக்கட்டும். தண்ணீர் அவன் வயிற்றுக்குள் போக வேண்டும், அதுதான் பாதி மருந்து. காய்ந்த பாக்கெட் தீனியில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர், இந்த மதுரை வெயிலுக்கு அது எந்த மூலைக்கு? உப்பும் மஞ்சளும் போடாமல் வேகவைத்த கோழியோ மீனோ அந்தச் சாறோடு கலந்து வையுங்கள். கருவாடு இப்போது கூடவே கூடாது.

மாமியார் அவனைத் தேடிப் போக வேண்டாம். அறை வாசலில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து பூத்தொடுக்கட்டும், கீரை ஆயட்டும். அவன் கண்ணை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. எழுந்து வரும்போது ஒரு துண்டு மீனைத் தரையில் வைத்துவிட்டு வரட்டும். அவன் சாப்பிட்டால் அடுத்த நாள் ஒரு சாண் கிட்டே. வால் நுனி படபடவென்று அடித்தாலோ, காது பின்னால் மடிந்தாலோ, தோல் சிலிர்த்தாலோ அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அவனாக வந்து அவர் புடவையில் தலையை உரசும்வரை தூக்கவே கூடாது. இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். மறுபடி பாய வந்தால் அடிக்காதீர்கள், கத்தாதீர்கள். நடுவில் ஒரு தலையணையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள்.

கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: ஐந்து வருடம் மடியில் வளர்ந்த பூனை அழகர்மலை அடிவாரத்தில் பிழைக்காது. பட்டினி கிடக்கும் என்று தெரிந்தே வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கடைசியாக அந்தக் கை. இதில் மட்டும் எனக்கு உங்கள் மேல் வருத்தம். பூனைக்கடியில் மஞ்சள் பத்துப் போடக் கூடாது. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் கூடாது. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும், வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28ஆம் நாள் என்று போடுவார்கள். ரத்தம் வந்த கடி என்றால் காயத்திலேயே போடுகிற மருந்தும் தேவைப்படும். பூனைப் பல் ஊசி மாதிரி, துளை சின்னது, ஆழம் அதிகம். அதனால் ஒரே நாளில் சிவந்து வீங்கிவிடும், அதற்கு வேறு மருந்து வேண்டும். கடித்த நாயோ பூனையோ பத்து நாள் நன்றாக இருந்தால் அந்தக் கடியில் ரேபிஸ் இல்லை. பாண்டி மூன்று வாரமாக இருக்கிறான் என்பதால் அந்தப் பயத்தை விடலாம். ஆனால் பத்து நாள் பார்ப்போம் என்று ஊசி போடாமல் உட்காருவது தப்பு. முதல் ஊசியைப் போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். பாண்டிக்கு வருடாந்திர ஊசி எப்போது போட்டீர்கள் என்று எழுதவில்லை. மூத்திரத் தொல்லை சரியானதும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: நாலு மாதக் குட்டி. காலைப் பிடித்துப் பிடித்துக் கடிக்கிறது. பிள்ளைகள் காலெல்லாம் கீறல்.
— மேலூர் வாசகர்

பதில்: இது கோபம் இல்லை, வேட்டை விளையாட்டு. சின்ன வயதில் தாயைப் பிரிந்த குட்டிக்கு எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று சொல்லித்தர ஆள் இல்லை. கையையும் காலையும் காட்டி விளையாடுவதை வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும். ஒரு கயிற்றின் நுனியில் துணி முடிச்சைக் கட்டி, காலையிலும் சாயங்காலமும் பத்து நிமிடம் இழுத்துக் காட்டுங்கள். ஓடிக் களைத்ததும் சாப்பாடு வையுங்கள். கடித்தால் அசையாமல் நில்லுங்கள், காலை இழுத்தால் எலி ஓடுகிறது என்று இன்னும் இறுக்கும். கீறல் பட்ட பிள்ளைகளுக்கும் மேலே சொன்ன சோப்பும் ஊசியும் பொருந்தும்.

கேள்வி: எங்கள் பெண் பூனைக்குப் 13 வயது. முதுகில் கை வைத்தால் உறுமுகிறது. வயதாகிவிட்டதால் சிடுசிடுப்பா?
— திருநகர் வாசகி

பதில்: வயதானால் மூட்டு வலிக்கும், பல் வேர் அழுகும். முன்பு ஏறிய மதில் சுவரை இப்போது கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறதா, ஒரே பக்கமாக மெல்லுகிறதா என்று இரண்டு நாள் கவனியுங்கள். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே வந்தால் தைராய்டு பார்க்க வேண்டும். முதுகைத் தொடாமல் தாடைக்குக் கீழே மட்டும் தடவிக் கொடுங்கள். டாக்டரிடம் போகிற வழியில் கூடைக்குள் அவளுடைய பழைய துணியையே விரித்து வையுங்கள், துவைக்காமல்.