ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள்: குமரியிலிருந்து சில கேள்விகள்

கேள்வி (குலசேகரம், ஆய்வு மாணவி): ரப்பர் கன்றுக்கு நாலு உர அளவு, அஞ்சு பிளாக் (நிலத் தொகுதி). ஆரில் அனோவா (சராசரிகளுக்குள் உள்ள வேறுபாட்டைச் சோதிக்கும் கணக்கு) போட்டால் கையால் போட்ட கணக்கோடு ஒத்துவரவில்லையே சார்?

பதில்: உரத்தையும் பிளாக்கையும் 1, 2, 3 என்று எண்ணாகவே தட்டியிருப்பீர்கள். ஆர் அதை அளவாக எடுத்துக்கொண்டு நேர்கோடு பொருத்திவிடும். முடிவு அட்டவணையில் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (Df, கட்டின்மை எண்) என்ற இடத்தைப் பாருங்கள். உரத்துக்கு 3, பிளாக்குக்கு 4, பிழைக்கு 12 வரவேண்டும். 1, 1, 17 என்று இருந்தால் கோளாறு இதுதான். இரண்டு பத்தியையும் ஃபேக்டராக்கி (அளவாக இல்லாமல் வகைப் பெயராக எடுக்கச் சொல்லி) மறுபடி ஓட்டுங்கள். திரும்ப எண்ணாக்கும்போதும் கவனம்: ஃபேக்டரை நேரே எண்ணாக மாற்றினால் 50, 100, 150 கிராம் எல்லாம் 1, 2, 3 ஆகிவிடும். முதலில் எழுத்தாக்கி, அப்புறம் எண்ணாக்க வேண்டும்.

கேள்வி (ஆரல்வாய்மொழி, காற்றாலைப் பராமரிப்பு): 20 காற்றாலை, 10 நிமிஷத்துக்கு ஒரு பதிவு, ஒரு வருஷ சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த தரவுக் கோப்பு). எக்செல் மொத்தம் ஆரைவிடக் குறைகிறது அண்ணே.

பதில்: ஒரு ஆலைக்கு நாளொன்றுக்கு 144 வரி, வருஷத்துக்கு 52,560. இருபதுக்கும் 10,51,200. எக்செல் தாளில் தலைப்போடு சேர்த்து 10,48,576 வரிதான் அடங்கும். மிச்சம் 2,625 வரி வெட்டுப்படும். ஆலைவாரியாக அடுக்கிய கோப்பு என்றால் கடைசி ஆலையின் கடைசி 18 நாள் அப்படியே போச்சு. அதை எக்செல்லிலேயே சேவ் பண்ணியிருந்தால் சிஎஸ்வியும் வெட்டுப்பட்டதுதான். மூலத்தை மறுபடி எடுங்கள். ஆரில் டேட்டா டேபிள் (data.table) என்ற கூடுதல் தொகுப்பின் எஃப்ரீட் (fread) கட்டளை கொண்டு படித்து, முதல் வேலையாக வரிகளை எண்ணுங்கள். காற்றுத் திசைக்குச் சாதாரண சராசரி எடுக்காதீர்கள். 350 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் சராசரி 180 என்று வந்து வடகாற்று தென்காற்றாகிவிடும். சைன், கொசைன் சராசரி எடுத்து அதிலிருந்து கோணத்தைப் பெறுங்கள்.

கேள்வி (குளச்சல்): சின்னமுட்டம், குளச்சல் விசைப்படகு மீன்வரத்தை ஒப்பிடுகிறேன். மீன்பிடித் தடைக்காலத்துக்கு 0 போடவா, என்ஏ (NA, மதிப்பு இல்லை என்ற குறி) போடவா?

பதில்: வருஷ மொத்தம்தான் வேண்டுமென்றால் 0. கடலுக்குப் போன நாளின் சராசரி என்றால் என்ஏ. என்ஏ ஒன்று இருந்தாலும் சராசரியும் என்ஏ என்றே வரும். விடுபட்டதை நீக்கச் சொல்லும் விருப்பத்தை (na.rm = TRUE) கட்டளையில் சேர்க்க வேண்டும். ஆனால் உண்மையிலேயே பதிவு விட்டுப்போன நாளுக்கும் இதே என்ஏ போட்டால் இரண்டும் கலந்துவிடும், அதனால் 'தடை' என்று தனிப் பத்தி வையுங்கள். தடை கிழக்குக் கரைக்கு (சின்னமுட்டம்) ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, மேற்குக்கு (குளச்சல்) ஜூன் 1 முதல் ஜூலை 31. இரண்டு துறைமுகமும் சேர்ந்து மூடியிருப்பது 14 நாள்தான். மாதவாரி ஒப்பீடு ஏப்ரல் முதல் ஜூலை வரை அர்த்தமில்லாதது. வள்ளம், கட்டுமரப் பதிவைத் தனிக் கோப்பில் வையுங்கள்.

கேள்வி (நாகர்கோவில், கல்லூரி ஆசிரியை): லேபில் நெட் இல்லை, அட்மின் பாஸ்வேர்டும் இல்லை. ஆரை எப்படி நிறுவுவது?

பதில்: விண்டோஸில் பயனர் கோப்புறைக்குள் அட்மின் இல்லாமலே நிறுவலாம். தொகுப்புகளை வேறு கணினியில் ஜிப்பாக இறக்கி பென்டிரைவில் கொண்டுபோங்கள். அவை சார்ந்திருக்கும் மற்ற தொகுப்புகளும் கூடவே வேண்டும். ஆர் 4.3 பதிப்புக்கு இறக்கியதை 4.4-இல் போடாதீர்கள். முதல் செமஸ்டருக்கு ஆரோடு கூடவே வரும் தொகுப்புகளே தாராளம், டீச்சர்.