கேள்வி மேடை: பட்டி போனால் படிப்பும் போகும்

கேள்வி: வடக்கு கென்யாவில் மாடு மேய்க்கும் இனங்கள் மோதிக்கொள்வதால் குழந்தைகளின் உரிமை எப்படிப் பறிபோகிறது? மாட்டுச் சண்டைதானே?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மாட்டுச் சண்டைதான். ஆனால் துர்க்கானா, போக்கோட், சம்புரு மக்களுக்கு மாடுதான் பால், பரிசப்பணம், சேமிப்பு எல்லாம். முன்பு ஈட்டியோடு நடந்த கொள்ளை இன்று ஏ.கே.47 துப்பாக்கியோடு நடக்கிறது.

மாட்டுப்பட்டி பறிபோன அன்றே பிள்ளைகளுக்குப் பால் நின்றுவிடும். பயந்து குன்றுப்பக்கம் ஒதுங்கும் குடும்பத்துக்கு மருந்தகம் எட்டாது. 9-ம் மாதத் தட்டம்மை ஊசி தவறும். இழந்த மாடுகளை ஈடுகட்ட மகளைச் சீக்கிரம் கட்டிக்கொடுத்துப் பரிசமாக மாடு வாங்குகிறார்கள். கென்யாவின் 2014 திருமணச் சட்டம் குறைந்தது 18 வயது என்கிறது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது, மாடு கண்ணெதிரே நிற்கிறது. பையன்களோ மந்தைக் காவலுக்குத் துப்பாக்கி தூக்குகிறார்கள்.

பள்ளி விஷயம் இன்னும் சிக்கல். இரண்டு இனங்களின் எல்லையோரப் பள்ளிகளில், சண்டை மூண்டால் வெளியூர் ஆசிரியர்கள்தான் முதலில் கிளம்புவார்கள். ஆசிரியர் இல்லாத கட்டடம் திறந்திருந்தும் பயனில்லை. 2023-ல் கென்யாவின் பாரிங்கோ மாவட்டப் பக்கம், கொள்ளையை அடக்க ராணுவத்தையே இறக்கினார்கள். காவல் வந்தால் பள்ளிக் கதவு திறக்கும். ஆனால் ஓடும்போது தொலைந்த பிறப்புச் சான்றிதழ் திரும்பி வராது, அது இல்லாமல் தேர்வுக்குப் பதிவு செய்வது பெரும்பாடு.

மந்தையோடு நகரும் பள்ளி நல்ல யோசனை. பக்கத்து உகாண்டாவின் கரமோஜாவில் 1998-லேயே மேய்ச்சல் வேலைக்கு ஏற்றபடி நேரம் வைத்துப் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். ஆசிரியர் அதே இனத்தவராக இருந்தால்தான் சண்டை நாளிலும் நிற்பார். ஆனால் ஓர் இனத்துக்கு மட்டும் பள்ளி கொடுத்தால், அதுவே அடுத்த பகைக்கு வித்து.