மலைநாட்டில் மரக்குற்றி வீடு: தச்சு வேலை தெரியாதவர் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வெலிமடைப் பக்கம் கொஞ்சம் காணி இருக்கிறது. உருண்டை மரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டும் வீட்டை நானே கட்ட ஆசை. தச்சு வேலை எதுவும் தெரியாது. கற்றுக்கொண்டு கட்ட முடியுமா?

முடியும். நோர்வேயிலும் பின்லாந்திலும் குடியானவர்கள் கோடரியை வைத்துக்கொண்டு தங்களுக்குத் தாங்களே தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்ட வீடு இது. இதில் வேலை வகைகள் குறைவு. பட்டை உரிப்பது, கோடு கீறுவது, பள்ளம் வெட்டுவது, தூக்கி வைப்பது. இதையே திரும்பத் திரும்பச் செய்யப்போகிறீர்கள் என்பதால், பொறுமை உள்ளவருக்குக் கை பழகிவிடும்.

ஆனால் அந்த நாட்டுக்காரர்கள் சொல்லித்தருவதை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்கக் கூடாது. அங்கே முதல் கவலை குளிர். இங்கே மழை, மூடுபனி, கறையான். என் மாமா பண்டாரவளையில் தச்சு பாஸ். அவரோடு சேர்ந்து ஒரு சிறிய மரக்குற்றிக் கட்டடம் எழுப்பியபோது நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி தண்ணீரைப் பற்றியதுதான். கீழே எழுதுவதிலும் அது அடிக்கடி வரும்.

முதலில் காணி. இதை ஆசையின் வேகத்தில் தள்ளிப் போடாதீர்கள். பதுளை, நுவரெலியா, கண்டி மாதிரி மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு தேவை. அப்புறம்தான் பிரதேச சபை அனுமதி. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நம்மில் யாரும் மறக்கவில்லை. சரிவை ஆழமாக வெட்டி மட்டமாக்கி வீடு வைப்பதுதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் ஆபத்தான வேலை. மரக்குற்றிச் சுவர் கனமானது. அது உட்காரும் இடம் வெட்டாத உறுதியான நிலமாக இருக்க வேண்டும். காணி தோட்டத்துக்குச் சொந்தமானதா, உங்கள் பெயரில் காணி உறுதிப் பத்திரம் இருக்கிறதா என்பதையும் ஒரு மரம்கூட வாங்குவதற்கு முன் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மரம். காட்டு மரம் பக்கம் போகவே வேண்டாம்; இயற்கைக் காடுகளில் மரம் அறுப்பது 1990இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. நட்டு வளர்த்த மரங்கள்தான் நமக்கு வழி. அரச மரக் கூட்டுத்தாபனம் தோட்டக் காடுகளில் வெட்டும் குற்றிகளை விற்கிறது. தனியார் மரக்காலைகளும் உண்டு. எங்கே வாங்கினாலும் ரசீதையும் ஏற்றிச் செல்லும் அனுமதிப்பத்திரத்தையும் கையில் வைத்துக்கொண்டே லொறியை எடுங்கள். உங்கள் காணியில் நிற்கும் மரமாக இருந்தாலும், வெட்டுவதற்கு முன் பிரதேச செயலகத்தில் கேட்டுவிடுங்கள். பலாவுக்கு அனுமதி இல்லாமல் கோடரி வைக்கவே முடியாது.

எந்த மரம்? என் தெரிவு சைப்ரஸ். நுவரெலியாப் பக்கம் வேலியோரமாக நேராக வளர்ந்து நிற்குமே, அதுதான். குற்றி நேராக வரும், உளிக்கு இணங்கும், உள்மரம் ஓரளவு நின்றுபிடிக்கும், வாசனையும் நல்லது. பைன் இரண்டாவது. மலிவு, நேரானது, கற்றுக்கொள்ளும் கைக்கு இலகுவானது. ஆனால் அதன் வெளிமரம் ஈரத்தில் சீக்கிரம் நீலம் பாய்ந்து உளுத்துப்போகும், மருந்து இல்லாமல் வைக்கவே கூடாது. யூகலிப்டஸ் எங்கும் கிடைக்கிறது, உறுதியும் அதிகம், தண்டவாளக் கட்டைக்கும் மின்கம்பத்துக்கும் எடுக்கிறார்கள். இருந்தும் குற்றிச் சுவருக்கு நான் சொல்ல மாட்டேன். மரத்துக்குள் இருக்கும் இழுவிசை வெட்டியவுடன் வெளியே வருவதால் முனைகள் பிளக்கும். காயும்போதும் நிறையச் சுருங்கும், முறுக்கும். தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கு, அதாவது கிரவிலியா, உள்வேலைக்கு அழகான மரம். வெளிச்சுவருக்கு வைத்தால் கறையானுக்குப் படைத்த மாதிரி.

வெட்டும் காலம் நீங்கள் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஊற்றும். அங்கே ஜனவரி முதல் மார்ச் வரைதான் வசதி. உங்கள் வெலிமடையும் பண்டாரவளையும் மலையின் மறுபக்கம். ஜூனில் இருந்து ஓகஸ்ட் வரை காற்றும் வெயிலுமாகக் காய்ந்து கிடக்கும், குற்றி காய வைக்க அதைவிட நல்ல காலம் இல்லை. வெட்டியவுடன் பட்டையை உரித்துவிடுங்கள். பட்டைக்கு அடியில்தான் வண்டு முட்டையிடும், ஈரமும் தங்கும். உரித்த குற்றியைத் தரையில் போடாமல், கல்லோ கட்டையோ வைத்து உயர்த்தி, ஒன்றோடு ஒன்று முட்டாமல் அடுக்கி, மேலே தகரம் போட்டு மூடுங்கள். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். முனைகளுக்குப் பழைய பெயின்ட் பூசினால் வெடிப்பு குறையும்.

வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை இந்தக் கட்டத்திலேயே அடித்துவிடலாம். அது ஈரம் இருக்கும் மரத்துக்குள் தானே ஊறிப் போகும், பூஞ்சணத்தையும் பூச்சியையும் தடுக்கும். மழை பட்டால் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால் அடித்த மரம் கூரைக்குக் கீழேயே இருக்கட்டும்.

இனி, புதிதாகக் கட்டுபவர் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். மரக்குற்றிச் சுவர் கட்டி முடித்த பிறகும் இறங்கும். மரம் காயும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாக்கில் சுருங்கும். செங்கல் மாதிரி படுக்க வைத்து அடுக்கிய குற்றிகள் ஒவ்வொன்றும் மெலிய மெலியச் சுவரின் உயரமே குறையும். பச்சை மரத்தில் கட்டுகிறவர்கள் அடிக்கு முக்கால் அங்குலம் என்று கணக்கு வைப்பார்கள். எட்டு அடிச் சுவர் என்றால் ஆறு அங்குலம். நன்றாகக் காய்ந்த மரத்தில் இது குறையும், ஆனால் பத்து அங்குலக் குற்றி உள்ளுக்குள் காய வருடக்கணக்கு ஆகும் என்பதால் இறக்கமே இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இதனால்தான் கதவு நிலையையும் ஜன்னல் நிலையையும் குற்றியோடு சேர்த்து ஆணி அடிக்கக் கூடாது. அடித்தால் மேலே உள்ள குற்றிகள் நிலையில் தொங்கிக்கொண்டு நிற்கும், பக்கத்துச் சுவர் இறங்கும், நடுவில் வெளிச்சம் தெரியும். திறப்பின் இரண்டு பக்கமும் குற்றி முனைகளில் மேலிருந்து கீழாக ஒரு காடி, அதாவது நீண்ட ஒடுங்கிய பள்ளம், எடுத்து, அதில் சட்டம் ஒன்றை நிறுத்தி, நிலையை அந்தச் சட்டத்தில் மட்டும் பொருத்த வேண்டும். குற்றிகள் சட்டத்தை உரசிக்கொண்டு கீழே இறங்கிக்கொள்ளும். நிலைக்கு மேலே கணக்குப் போட்ட அளவு வெற்றிடம் விட்டு, மென்மையான பஞ்சு வகை ஏதாவது அடைத்து, முன்னால் ஒரு பலகையை மேல்குற்றியில் மட்டும் அறைந்து மறைத்துவிடுங்கள். இஸ்தோப்புத் தூண்களுக்கும் இதே கதைதான். நின்ற மரம் சுருங்காது, பக்கத்துச் சுவர் சுருங்கும். தூணுக்குக் கீழே திருகு ஜாக் வைத்தால் சில மாதங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் திருகி இறக்கிவிடலாம். தண்ணீர்க் குழாயும் அடுப்புப் புகைக்குழாயும் சுவரோடு இறுகப் பிடித்திருக்கக் கூடாது.

மூலைப் பள்ளம் வெட்டுவதுதான் இந்தத் தொழிலின் இன்பமே. முதல் குற்றியின் மேல் குறுக்காக இரண்டாவதை வைத்து உருளாமல் பிடித்துக்கொள்கிறீர்கள். ஒரு பெரிய கவராயம், அதில் நீர்மட்டக் குமிழ் பொருத்தியது. பள்ளம் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டுமோ அவ்வளவுக்கு அதை விரித்துக்கொள்கிறீர்கள். கீழ் முள் கீழ்க்குற்றியின் மேடு பள்ளம், முடிச்சு, வளைவு எல்லாவற்றையும் தடவிக்கொண்டே போக, மேல்முனையில் உள்ள பென்சில் அதே வடிவத்தை மேல்குற்றியில் வரைந்துகொண்டு போகும். குமிழ் நடுவை விட்டு அசையக் கூடாது. கை சரிந்த இடத்தில் கோடு பொய் சொல்லும். அப்புறம் மேல்குற்றியைப் புரட்டிப் போட்டு, கோட்டுக்கு உள்ளே வாளால் வரிவரியாக அறுத்து, உளியாலும் வாச்சியாலும் கொத்தி எடுக்கிறீர்கள். நடுவில் கொஞ்சம் கூடுதலாகக் குழிய வேண்டும், ஓரத்தில் பென்சில் கோட்டில் பாதி மிஞ்சி நிற்க வேண்டும். திருப்பி வைத்ததும் இரண்டு மரமும் முளைத்ததே அப்படித்தானோ என்பது போலக் கவ்விக்கொள்ளும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு இந்த வேலையை விட மனம் வராது.

பள்ளம் எப்போதும் மேல்குற்றியின் அடிப்பக்கத்தில்தான். கீழ்க்குற்றியின் முதுகில் வெட்டினால் அது மழைநீர் தேங்கும் கிண்ணமாகிவிடும். கீழ்க்குற்றியின் மேல் இடைவெளி இல்லாமல் உட்காரக் குற்றியின் நீளவாக்கில் எடுக்கும் காடியும் அப்படியே அடிப்பக்கத்தில். ஒரு வரிசையில் குற்றியின் தடித்த அடி இடது பக்கம் என்றால் அடுத்த வரிசையில் வலது பக்கம் வையுங்கள், சுவர் மட்டமாக ஏறும். ஒவ்வொரு குற்றியின் முதுகிலும் நீளமாக ஒரு வாள்வெட்டு, குறுக்களவில் கால்பங்குக்குக் குறையாமல் பாதிக்கு மேற்படாமல். மரம் வெடிக்கத்தான் போகிறது. அந்த வெடிப்பை வெளிமுகத்தில் விடாமல், மேல்குற்றி மூடிக்கொள்ளும் இடத்துக்குக் கூட்டிப்போக இந்த வெட்டு.

கூரையும் அத்திவாரமும் சரியாக இருந்தால் சுமாரான மூலைகூட நின்றுவிடும். எவ்வளவு அழகான மூலையும் கூரை குறுகினால் நிற்காது. ஹாலிஎலைக்கு அப்பால் போகொடையில் இருக்கும் மரப்பாலத்தைப் போய்ப் பாருங்கள், உங்களுக்கு அதிக தூரமில்லை. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் பாலம். பாலத்துக்கு ஓடு வேய்ந்த கூரை போட்டிருக்கிறார்கள். கண்டிப் பக்கம் எம்பெக்கே தேவாலயத்தில் 26 கைமரங்கள் ஒரே மர ஆப்பில் வந்து சேர்வதையும் பார்க்க வேண்டும். நம் நாட்டு ஈரத்தில் மரத்தை எப்படி வாழ வைப்பது என்று அந்தப் பாஸ்மாருக்குத் தெரிந்திருக்கிறது.

மாமா சொல்வார்: “நனைஞ்சா பரவாயில்ல தம்பி, காய வழி இல்லாட்டித்தான் போச்சு.” மரத்தின் ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உளுப்புப் பூஞ்சணம் வளராது. ஆகவே கூரை மூன்று, நான்கு அடி வெளியே நீளட்டும். மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் குற்றி முனைகள் முழுக்க அதற்குள் அடங்க வேண்டும், முனைதான் தண்ணீரை உறிஞ்சும் வாய். மழை அடிக்கும் பக்கம் அகலமாக ஒரு இஸ்தோப்பு வைத்தால் பாதிக் கவலை தீரும். கீழ்வரிசைக் குற்றி நிலத்திலிருந்து இரண்டு அடியாவது உயர்ந்து, கருங்கல் அத்திவாரத்தின் மேல், ஈரத்தடுப்புத் தாளும் கறையான் ஏறாமல் வெளிப்பக்கம் மடித்த தகடும் வைத்து உட்காரட்டும். வெளியே வார்னிஷ் பூசாதீர்கள். அது தோலாக உரிந்து உள்ளே தண்ணீரைப் பூட்டும். மரத்துக்குள் ஊறும் எண்ணெய்வகைப் பூச்சு போதும்.

சரி, கற்பது எப்படி? வீட்டில் தொடங்காதீர்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையின் தச்சு வகுப்பு ஒன்றில் சேர்ந்தோ, ஊரில் ஒரு தச்சு பாஸிடம் கையாளாக நின்றோ, உளி தீட்டவும் வாள் பிடிக்கவும் பழகுங்கள். உளி தீட்டத் தெரியாமல் இந்த வேலை நகராது. அப்புறம் மெல்லிய பைன் துண்டுகளில் ஒரு மூலை மட்டும், நான்கைந்து வரிசை. அது பிடிபட்டதும் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு விறகுக் கொட்டில், ஒரு லயக் காம்பராவின் அளவு. ஒரு கதவு, ஒரு ஜன்னல், முழுக் கூரை. வீட்டில் வரும் எல்லாச் சிக்கலும் அதிலேயே வந்துவிடும், கையும் மனசும் தயாராகிவிடும். ஒரு மழைக்காலம் அதை நிற்கவிட்டு எங்கே நனைகிறது என்று பாருங்கள்.

வீட்டுக்குப் போகும்போது பாரத்தை நினையுங்கள். இருபது அடி நீளம், பத்து அங்குலக் குறுக்களவு உள்ள பச்சைப் பைன் குற்றி கால் டன்னைத் தாண்டும். இருபதுக்குப் பதினாறு அடியில் ஒரு வீட்டுச் சுவருக்கு மட்டும் இப்படி நாற்பதுக்கு மேல் வேண்டும். லொறி எங்கே நிற்கும், அங்கிருந்து சரிவில் எப்படி ஏறும் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். மூன்று கால் கட்டி, செயின் பிளொக் தொங்கவிட்டு, சாய்வு மரங்களில் கயிறு போட்டு உருட்டி ஏற்றலாம். தூக்கும்போது குற்றிக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது, உங்கள் மச்சான் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும். செயின் சோ வேலையைப் பழக்கமானவரிடம் கொடுங்கள்.

உங்கள் காணிக்கு லொறி வராது, ஆள் பலமும் இல்லை என்றால் இன்னொரு வழி: தடித்த உருண்டைத் தூண்களும் உத்தரங்களும் மட்டும் மரம், நடுவில் பலகையோ மண்கல்லோ. தூண் நீளவாக்கில் சுருங்காததால் இறக்கத் தொல்லை பெரும்பாலும் போய்விடும், மரம் பாதிகூடத் தேவைப்படாது, மூலைப் பள்ளத்துக்குப் பதில் பொளியும் கழுந்தும், அதாவது ஒரு மரத்தில் துளையும் அதற்குள் நுழையும் மற்ற மரத்தின் முனையும், வெட்டக் கற்றால் போதும், அது எந்தத் தச்சு பாஸுக்கும் தெரிந்த வேலை. வெலிமடைச் சரிவில், முதல் வீட்டுக்கு, நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் எடுப்பேன். முழுக் குற்றிச் சுவரைக் கொட்டிலுக்கு வைத்துக்கொள்வேன். காணி எந்தத் திசை பார்க்கிறது, மழை எந்தப் பக்கம் அடிக்கிறது, பாதை எதுவரை வருகிறது என்று எழுதினால் எது பொருந்தும் என்று சேர்ந்து பார்க்கலாம்.